சர்ஃபிங், பேடில் போர்டு முதல் கிளாஸ்: நிக்குறதுக்கு முன்னாடி கடலப் பாக்கப் படிக்கணும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து லீவுக்கு வர்க்கலா, கோவா, மாலத்தீவு, இலங்கையில வெலிகமன்னு போறவங்க இப்ப ரொம்ப பேரு, போன இடத்துல ஒரு நாள் சர்ஃபிங் கிளாஸ் எடுத்துப் பாக்கலாமான்னு ஆசை வருது, என்கிட்ட கேக்குறவங்களும் கூடிட்டே போறாங்க. எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், ஒரே நாள்ல எழும்பி நின்னுர முடியுமா? முடியும். பெரிய போர்டும் சின்ன அலையும் நல்ல மாஸ்டரும் கெடைச்சா நிறைய பேரு முதல் கிளாஸ்லயே ரெண்டு மூணு தடவ நிக்காங்க. ஆனா அந்த ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல நிக்குறது சின்ன பங்குதான், பெரும்பங்கு கடலப் பாத்து புரிஞ்சுக்கிறது, அத யாரும் கேக்கவும் மாட்டாங்க சில இடத்துல சொல்லிக் கொடுக்கவும் மாட்டாங்க. அதனாலதான் இத கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். சர்ஃபிங்க்கு உடையுற அலை வேணும், போர்டுல குப்புறப் படுத்து கையால துழாவி அலை வேகத்துக்கு வந்து, அது தூக்கும்போது எழும்பி நின்னு கரைய நோக்கி வழுக்கிட்டு வரணும். பேடில் போர்டுக்கு அலையே வேண்டாம், காயல், ஏரி, அமைதியான கடல் எதுவா இருந்தாலும் சரி, அகலமான போர்டுல நின்னுகிட்டு நீளமான துடுப்பால தள்ளிட்டுப் போறது. ரெண்டும் ஹவாய் தீவுல இருந்து உலகத்துக்குப் பரவினது. 1912, 1920 ஒலிம்பிக்ல நீச்சல்ல தங்கம் வாங்கின டியூக் கஹானமோகுங்கிற ஹவாய்க்காரர்தான் சர்ஃபிங்கை வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தவரு. நின்னு துடுப்பு போடுறத அங்க வைகிகி கரையில சர்ஃபிங் சொல்லிக் கொடுத்தவங்க செய்வாங்க, நின்னா படிக்கிறவங்க எங்க இருக்காங்கன்னும் தெரியும், வர்ற அலையும் தூரத்துலயே தெரியும்.

இது நமக்கு அந்நியமான விசயமும் இல்ல. மரத்துண்டுகள சேத்துக் கட்டி, அதுல முட்டு போட்டும் நின்னும் துடுப்பு தள்ளி அலையத் தாண்டிப் போனது நம்ம கரைக்காரங்கதான், இங்கிலீஷ்ல கேட்டமரான்னு சொல்றதே நம்ம கட்டுமரம்ங்கிற வார்த்தையில இருந்து போனதாக்கும். என் கூட்டுக்காரி ஒருத்தி முட்டம் பக்கம், அவளுக்க பாட்டா வயசு காலத்துல கட்டுமரத்துல போனவரு. நான் முதல் கிளாஸ் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சும்மா பேசிட்டு இருந்தேன், அன்னைக்கு அவரு சொன்னதுதான் அப்புறம் எல்லா மாஸ்டரும் சொன்னாங்க, அத கீழ சொல்றேன்.

அலைன்னா என்னங்கிறது தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். கரையில நின்னு பாத்தா வெள்ளம் (தண்ணியத்தான் சொல்றேன்) எல்லாம் நம்மள நோக்கி ஓடி வர்ற மாதிரி தெரியும், அப்படி இல்ல. அலை உடையுற இடத்துக்கு வெளிய ஒரு காஞ்ச கதம்பை (தேங்காய் மட்டை) மிதந்துச்சுன்னா கவனிச்சுப் பாருங்க, அலை அதுக்கு அடியில வரும், கதம்பை ஏறும் இறங்கும், கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருக்கும். நகர்றது வெள்ளம் இல்ல, அதுக்குள்ள இருக்குற சக்தி. எங்கயோ தூரத்துக் கடல்ல அடிச்ச காத்து அந்த சக்திய வெள்ளத்துல ஏத்தி விட்டிருக்கும், அது தரைய தொடாம வர்ற வரைக்கும் அமைதியா வரும். கரைப்பக்கம் ஆழம் குறைய அடிப்பக்கம் தரையில உரசி வேகம் குறையும், மேல்பக்கம் அதே வேகத்துல வந்து முன்னாடி கவிழும், அதுதான் உடையுறது. கணக்கு வேணும்னா, சுமாரா 1 மீட்டர் உயர அலை 1.3 மீட்டர் ஆழத்துல உடையும், அதாவது நம்ம நெஞ்சு மட்டத்துல. அதே கதம்பை அந்த இடத்துக்கு வந்துட்டுன்னா ஒரே தூக்கா தூக்கி கரையில எறிஞ்சிரும். சர்ஃபிங்குறது அந்த எறியுற நேரத்துல கதம்பை இருக்குற இடத்துல நாம இருக்குறது, அவ்வளவுதான்.

ஆனா எல்லா அலையும் ஒண்ணு போல உடையாது, இத முதல் கிளாஸ் போறவங்க கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும். தரை பைய பைய சரியுற கரையில அலை நுரையா வழிஞ்சு ரொம்ப தூரம் வரும், இடுப்பளவு வெள்ளத்துல நின்னுகிட்டே அந்த நுரையில படிக்கலாம், வைகிகியும் வெலிகமயும் புதுசா படிக்கிறவங்களுக்குப் பேர் வாங்கினது இதனாலதான். கரை செங்குத்தா இறங்குற இடத்துல அலை கடைசி நிமிசத்துல எழும்பி மணல்லயே குத்தி விழும், அது கழுத்தையும் தோளையும் உடைக்கிற அலை. நம்ம ஜில்லா மேற்குக் கரையில இப்படிக் குத்தி விழுற இடம் நிறைய உண்டு, அதோட பாறை, கடலரிப்ப தடுக்க தூண்டில் வளைவுக்குப் போட்ட கல்லு, வலை, வள்ளம் எல்லாம் இருக்கு. அதனால போர்டு வாங்கிட்டு வந்து ஊர்ல தனியா இறங்கிப் பாப்போம்னு தயவு செஞ்சு நினைக்காதீங்க. இன்னொண்ணு, கோவளம்னு கேட்டதும் நம்ம கன்னியாகுமரி பக்கத்துல உள்ள கோவளத்துக்கு வண்டியத் திருப்பிராதீங்க, அது மீன்பிடி ஊரு. சர்ஃபிங் கிளாஸ்க்குப் பேர் போனது சென்னை ஈசிஆர்ல உள்ள கோவளமும் திருவனந்தபுரம் கோவளமும், நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான்.

இப்ப பாட்டா சொன்னது. மரத்த கடல்ல இறக்குறதுக்கு முன்னாடி அவங்க சும்மா கரையில குத்த வச்சு இருப்பாங்களாம், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு வேலை இல்லாம இருக்குற மாதிரி தெரியும், உண்மையில எண்ணிட்டு இருப்பாங்க. "மக்களே, பெருசு பெருசா கூட்டமா வரும், அது போனா கொஞ்சம் இளைக்கும், அந்த இளைப்புலதான் இறக்கணும். அவசரப்பட்டு இறக்கினா மரமும் போவும் ஆளும் போவும், கேட்டியா" அப்படின்னாரு. அந்தக் கூட்டத்ததான் சர்ஃபிங்ல செட்டுன்னும், இளைப்ப லல்னும் சொல்றாங்க. தூரத்துல இருந்து வர்ற அலைகள் வேற வேற நீளத்துல இருக்கும், ஒண்ணோட உச்சி இன்னொண்ணோட உச்சியோட சேர்ற நேரம் பெரிய அலையா வரும், உச்சியும் பள்ளமும் சேர்ற நேரம் அடங்கிரும். அதனால கிளாஸ்க்கு போனா அரை மணி நேரம் முன்னாடி போய் கரையில இருந்து பாருங்க, எங்க உடையுது, எத்தன அலைக்கு ஒரு தடவ பெருசு வருது, உள்ள போறவங்க எந்த வழியா போறாங்க. ஃபோன உள்ள வச்சுட்டு 15 நிமிசம் பாத்தாலே போதும், கடல் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

பாக்க வேண்டியதுல ரொம்ப முக்கியம் இழுப்பு. அலை கரைக்கு கொண்டு வந்து கொட்டுற வெள்ளம் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேணும்ல, மணல் மேட்டுக்கு இடையில உள்ள பள்ளத்துல, இல்லன்னா பாறை ஓரமா, தூண்டில் வளைவு ஓரமா ஒரு ஆறு மாதிரி உள்ள ஓடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களாலயும் அத எதுத்து நீந்த முடியாது. இதுல உள்ள பெரிய ஆபத்து என்னன்னா அந்த இடம் பாக்க அமைதியா இருக்கும், ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல மட்டும் அலை உடையாம கொஞ்சம் கறுத்தாப்ல, இல்ல மணல் கலங்கினாப்ல ஒரு பாதை, நுரை அதுல கடலப் பாத்து போயிட்டு இருக்கும். தெரியாதவங்க குழந்தைங்கள கூட்டிட்டு நேரா அங்கதான் இறங்குவாங்க, அலை இல்லாத இடம்னு நினைச்சு. மாட்டிகிட்டா கரையப் பாத்து நீந்தி களைச்சுப் போகக்கூடாது, மிதங்க, கைய தூக்கி காட்டுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி நுரை இருக்குற பக்கம் வாங்க, அந்த அலையே கரைக்கு தள்ளும். போர்டு இருந்தா எந்தக் காரணத்துக்கும் அத விட்டுறாதீங்க, அதுல படுத்துக்கிட்டு கை காட்டுங்க, அந்த நேரத்துல அதுதான் உங்க உயிர். நான் போன ஒரு இடத்துல (பேரு வேண்டாம்) இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம நேரா போர்ட கையில கொடுத்து இறக்கி விட்டாங்க, நான் கேட்ட பிறகுதான் எந்தப் பக்கம் இழுக்கும்னு கை காட்டினாங்க. கூட இருந்த எட்டு பேருல ஒருத்தருக்கும் அது தெரியாது. எனக்கு இன்னைக்கும் அத நினைச்சா மனசு பதறும்.

அப்புறம் கள்ளக்கடல். நம்ம கரைக்காரங்களும் கேரளாக்காரங்களும் வச்ச பேரு, கள்ளன் மாதிரி சொல்லாம வர்றதால. இந்தியப் பெருங்கடலோட தெக்குக் கோடியில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி புயல் அடிச்சு கிளம்பின நீள அலைகள், பல நாள் பயணம் பண்ணி இங்க வந்து சேரும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது வானம் தெளிவா இருக்கும், கடல் மட்டும் திடீர்னு கரை ஏறும். 2024 மே 6 அன்னைக்கு நம்ம கணபதிபுரம் பக்கம் லெமூரியா பீச்சுல மருத்துவம் படிச்ச 5 பிள்ளைங்க இறந்து போனது இந்த எச்சரிக்கை இருந்த நேரத்துலதான். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற மத்திய நிறுவனம் ஒவ்வொரு கரைக்கும் அலை உயரத்தோட எச்சரிக்கை போடுது, நியூஸ்லயும் வருது. எத்தன மீட்டர்னு மட்டும் பாக்காதீங்க, எத்தன செகண்டுன்னும் பாருங்க, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல உள்ள நேரம் அது. 7, 8 செகண்டுன்னா பக்கத்துக் காத்து கிளப்பின அலை, 15, 16 செகண்டுன்னா ரொம்ப தூரத்துல இருந்து வர்ற பலமான அலை, ஒரே உயரம்னாலும் கரையில செய்யுற வேலை வேற. அப்படி ஒரு நாள் உங்க கிளாஸ் இருந்தா காசு போனாலும் போகட்டும்னு விட்டுருங்க.

சரி, கிளாஸ்க்கு வருவோம். முதல் அரை மணி நேரம் மணல்லதான். புதுசா படிக்கிறவங்களுக்கு 8, 9 அடி நீள மெத்து போர்டு கொடுப்பாங்க, மேல ஃபோம், விழுந்து இடிச்சாலும் காயம் குறைவு. பின்னாடி அடியில மீன் செட்டை மாதிரி ஃபின், திசை மாறாம வச்சுக்கிறது அது. வால் பக்கத்துல இருந்து ஒரு கயிறு வரும், லீஷ்னு பேரு, அத பின்னாடி நிக்குற காலோட கணுக்கால்ல கட்டணும். எந்தக் கால் பின்னாடின்னு எப்படித் தெரியும்னா, நனைஞ்ச தரையில வழுக்குற மாதிரி ஓடிப் பாருங்க, எந்தக் கால் தானா முன்னாடி போகுதோ அதுதான் உங்க முன்கால். இடதுகால் முன்னாடின்னா ரெகுலர், வலதுகால் முன்னாடின்னா கூஃபின்னு சொல்வாங்க, ரெண்டுல எதுவும் தப்பில்ல.

மணல்ல எழும்புறத பத்து பதினஞ்சு தடவ செய்ய வைப்பாங்க, இத சலிப்பா நினைக்காதீங்க. கால் கட்டை விரல் போர்டோட வால் பக்கம், போர்டு நடுவுல வயிறு, உள்ளங்கை ரெண்டும் நெஞ்சுக்கு நேரா போர்டு மேல அழுத்தமா. ஓரத்த பிடிக்கக்கூடாது, பிடிச்சா போர்டு சாயும். நெஞ்ச தூக்கி, பின்கால வச்சு, முன்கால ரெண்டு கைக்கும் நடுவுல கொண்டு வந்து வச்சு, கைய எடுத்து எழும்பணும். முட்டு வளைஞ்சே இருக்கணும், இடுப்ப மடக்கி குனியக்கூடாது. எனக்கு முதல்ல வந்த தப்பு முட்டி போட்டு எழும்பினது, மணல்ல சரியா வந்த மாதிரி இருக்கும், வெள்ளத்துல முட்டி போட்டா அங்கயே சிக்கிக்கும், அதுக்கு மேல எழும்ப முடியாது. மாஸ்டர் மணல்ல விரலால ரெண்டு கோடு போட்டாரு, முன்கால் இங்க, பின்கால் இங்க, போர்டுக்கு நடுக்கோட்டுல. அந்த ரெண்டு கோட்டுல கால் தானா விழுற வரைக்கும் செஞ்சேன், உள்ள போனதுக்கு அப்புறம் கால பாக்கவே வேண்டி வரல.

உள்ள போனா இடுப்பளவுக்கு மேல போகத் தேவையில்ல. மாஸ்டர் போர்ட பிடிச்சு கரையப் பாத்து திருப்பி வச்சிருப்பாரு, நீங்க படுத்திருப்பீங்க, பின்னாடி நுரை அலை வர்ற சத்தம் கேக்கும், திரும்பிப் பாக்கணும்னு தோணும். போர்டு மூக்கு வெள்ளத்துல இருந்து ரெண்டு மூணு விரக்கடை மேல நிக்கணும், ரொம்ப முன்னாடி படுத்தா மூக்கு குத்தி தலைகீழா போவீங்க, ரொம்ப பின்னாடி படுத்தா அலை உங்கள விட்டுட்டுப் போயிரும். அவரு தள்ளுவாரு, ஒரு நிமிசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் வால் தூக்கும், போர்டுக்கு அடியில சர்ருன்னு ஒரு சத்தம் மாறும், வேகம் உங்களுதா ஆயிரும். அந்த சத்தம் மாறின பிறகுதான் எழும்பணும், அதுக்கு முன்னாடி எழும்பினா நின்ன இடத்துலயே கவிழும். எழும்பினதும் கண்ணு கரையில ஒரு தென்னைய பாக்கணும், போர்ட பாத்தா போர்டுலயே விழுவீங்க. நான் நாலாவது தடவ நின்னேன், அஞ்சாறு செகண்டுதான் இருக்கும், கடல் நம்மள தூக்கிட்டுப் போகுதுங்கிறத உள்ளங்கால்ல உணர்ந்தது அன்னைக்குத்தான் முதல் தடவ, சின்ன வயசுல இருந்து கடல் பக்கத்துல வளந்திருந்தும்.

விழுறதுக்கும் முறை இருக்கு. தலைகுத்தா குதிக்கக்கூடாது, வெள்ளம் முட்டளவுதான் இருக்கும். கால் ஊனியும் குதிக்கக்கூடாது, கணுக்கால் மடங்கும். பக்கவாட்டுல, கை கால் விரிச்சு மல்லாக்க இல்லன்னா பக்கம் சாஞ்சு விழணும். உள்ள போனதும் ரெண்டு கையாலயும் தலைய மூடிகிட்டு மேல வரணும், ஏன்னா போர்டு லீஷ்ல இழுபட்டு உங்க மேலயே திரும்பி வரும். போர்ட பிடிச்சுகிட்டு நிக்கும்போது உங்களுக்கும் அலைக்கும் நடுவுல போர்டு வரவே கூடாது, அலை அத உங்க மூஞ்சியில அடிக்கும், எப்பவும் பக்கத்துல வச்சுக்கணும். கடலுக்கு முதுகு காட்டப்பிடாதுன்னு பாட்டா சொன்னதும் இதுதான். ஒரு அலையில ஒரு ஆளு மட்டும், உடையுற இடத்துக்கு கிட்ட இருக்குறவங்களுக்குத்தான் அந்த அலை, நடுவுல புகக்கூடாது.

பேடில் போர்டு இத விட சாந்தமானது, அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். போர்டு 10, 11 அடி நீளம், 32 இஞ்ச் பக்கம் அகலம், காத்தடிக்கிற வகைதான் நிறைய இடத்துல இருக்கும். துடுப்ப உங்க பக்கத்துல நட்டு வச்சு கைய தூக்கினா கைப்பிடி மணிக்கட்டு பக்கம் வரணும், அதுதான் அளவு. முட்டளவு வெள்ளத்துல முட்டி போட்டு ஏறுங்க, கொஞ்ச தூரம் அப்படியே துடுப்பு போடுங்க, போர்டு நகர ஆரம்பிச்சதும் ஒவ்வொரு காலா எழும்புங்க, நின்னுட்டு இருக்குற போர்ட விட நகர்ற போர்டு ஆடாம இருக்கும், சைக்கிள் மாதிரி. பாதம் ரெண்டும் தோள் அகலத்துல நேரா, சர்ஃபிங் மாதிரி பக்கவாட்டுல இல்ல. முக்கால்வாசி பேரு துடுப்ப திருப்பிப் பிடிப்பாங்க. துடுப்பு தகடு லேசா வளைஞ்சிருக்கும், அந்த வளைவு உங்கள நோக்கி இல்லாம முன்னாடி போர்டு மூக்கப் பாத்து சாஞ்சிருக்கணும், கரண்டி மாதிரி வெள்ளத்த வாரணும்னு நினைக்கிறதாலதான் மாத்திப் பிடிக்கிறது. முன்னாடி எட்டி முழுசா முக்கி, கணுக்கால் வரைக்கும் இழுத்து எடுத்துரணும், அதுக்குப் பின்னாடி இழுத்தா போர்டு திரும்பத்தான் செய்யும். கையால இழுக்காம இடுப்பத் திருப்பி இழுத்தா மறுநாள் தோள் வலிக்காது.

இதுல அலை இல்லாததால ஆபத்து இல்லன்னு ஆகாது, இங்க எதிரி காத்து. நின்னா உங்க உடம்பே ஒரு பாய் மாதிரி. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்துல முப்பந்தல் காத்தாடி எல்லாம் சுத்துறத பாத்து வளந்தவங்க நாம, அந்த காத்து கரையில இருந்து கடலப் பாத்து அடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க, கரைப்பக்கம் வெள்ளம் கண்ணாடி மாதிரி இருக்கும், போகும்போது சுகமா போகும், திரும்பத்தான் முடியாது. அதனால முதல்ல காத்துக்கு எதிரா போங்க, களைச்ச பிறகு காத்து உங்கள கொண்டு வந்து விடும். மாட்டிகிட்டா முட்டி போடுங்க, முடியலன்னா படுத்து கையால துழாவுங்க. லைஃப் ஜாக்கெட், லீஷ் ரெண்டும் கட்டாயம், ஓடுற ஆறு, ஆறு கடல்ல சேர்ற பொழிமுகம் மாதிரி இடத்துல மட்டும் கால் லீஷ் கூடாது, கம்புலயோ கல்லுலயோ சிக்கினா கழட்ட முடியாது, இடுப்புல கட்டி இழுத்தா விடுபடுற வகை வேணும். காலையில 6ல இருந்து 9 மணிக்குள்ள நல்லது, மதியம் கடல்காத்து ஏறிரும்.

எந்த மாசம்னா, நம்ம மேற்குக் கரையும் கேரளாவும் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்துல கொதிச்சு கிடக்கும், அப்ப புதுசா படிக்கிறவங்க இறங்கவே வேண்டாம். நம்ம ஜில்லாவுல மீன்பிடித் தடையே ரெண்டு விதமா இருக்குல்ல, கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்குப் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். மீன் குஞ்சு பொரிக்கத்தான் அந்தத் தடை, ஆனா ஒரே ஜில்லாவுல ரெண்டு கடல் இருக்குன்னு அதுலயே தெரியும். இலங்கையிலயும் இதே கதை, வெலிகம இருக்குற தெக்குக் கரைக்கு நவம்பர்ல இருந்து ஏப்ரல், அதே தீவோட கிழக்குல அருகம்பேக்கு மே தொட்டு செப்டம்பர். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இத பாத்துக்குங்க.

நீச்சல் கொஞ்சமாவது தெரியணும், குளத்துல படிச்ச நீச்சல் போதும் ஆனா குளமும் கடலும் ஒண்ணு இல்லன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிருங்க. ஒரு மாஸ்டருக்கு எத்தன பேரு, அவரு உயிர்காப்பு பயிற்சி எடுத்தவரா, இழுப்பு எந்தப் பக்கம், இந்த மூணையும் காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே இடம் எப்படின்னு தெரிஞ்சிரும். உடம்ப ஒட்டின முழுக்கை பனியன், லெக்கின்ஸ், துப்பட்டா வேண்டாம், செயின் கம்மல் மோதிரம் எல்லாம் ரூம்ல. தலைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் தேச்சுட்டு வராதீங்க, போர்டு வழுக்கும். ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு மட்டிப்பழம் போதும், வயிறு நிறைய புட்டு சாப்பிட்டு குப்புறப் படுக்க முடியாது. சொறி (ஜெல்லி மீன்) பட்டா கடல் வெள்ளத்தாலயே கழுவுங்க, மணல் போட்டு தேய்க்காதீங்க, மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரி.

மறுநாள் தோளும் விலா எலும்பும் நல்லா வலிக்கும், படுத்து துழாவினதுல வர்றது, பயப்பட ஒண்ணும் இல்ல. லீவுல மூணு நாள் இருந்தா முதல் நாள் ஒரு கிளாஸ், நடுவுல ஒரு நாள் இடைவெளி, மூணாவது நாள் ரெண்டாவது கிளாஸ்னு போட்டுக்குங்க, ரெண்டாவதுக்கு போகும்போது அதே போர்டு வேணும்னு கேட்டு வாங்குங்க, காலையில கொஞ்சம் முன்னாடியே போய் கரையில இருந்து எண்ண ஆரம்பிங்க.